ஜப்பானிய மொழி படித்துக்கொண்டே இன்டர்பிரட்டர் வேலைக்குப் போவது எப்படி: கோயமுத்தூரிலிருந்து ஒரு செய்முறை

சனி, ஞாயிறு வகுப்புக்குப் போய் ஜப்பானிய மொழி படிக்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, என்4 பாஸ் பண்ணிட்டேன், இன்டர்பிரட்டரா போலாமுங்களா?" (ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் தேர்வில் என்5 அடிப்படை, என்1 உச்சி; என்4 கீழிருந்து இரண்டாவது படி.) போகலாம். ஆனால் மாநாட்டு மேடையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்களுக்கு முதலில் வரப்போகிற வேலை பவுண்டரியிலோ பம்ப் கம்பெனியிலோ திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியிலோதான். நம் பக்கம் வருகிற ஜப்பான்காரர் மெஷின் மாட்ட வருவார், வார்ப்பைச் சோதிக்க வருவார், துணியைத் தடவிப் பார்க்க வருவார். அவருக்கு வேண்டியது, நடுவில் நின்று விஷயத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சிந்தாமல் கொண்டுபோகிற ஆள். நான் என்3 எழுதி ரிசல்ட் வருவதற்கு முன்பே போனவள், அடியும் பட்டவள். எதை முன்னால் செய்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் சொல்கிறேன்.

படி 1: தமிழ் எழுத்தில் குறித்துவைப்பதை நிறுத்துங்கள்

ஹிரகானா 46, கத்தகானா 46. இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினால் கைக்கு வந்துவிடும். அதற்குக்கூடப் பொறுமை இல்லாமல் வகுப்பில் கேட்டதையெல்லாம் தமிழில் எழுதிக்கொள்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. அதில் என்ன கெட்டுப்போகிறது என்றால், நமக்கு 'தம்பி'க்கும் 'தயவு'க்கும் ஒரே த. அவர்களுக்கு அவை வேறு வேறு ஒலி, வேறு வேறு சொல். 'தைகக்கு' என்பதைத் தயவின் த-வில் தொடங்கினால் பல்கலைக்கழகம், தம்பியின் த-வில் தொடங்கினால் படிப்பைப் பாதியில் விட்டது. முதல் அறிமுகத்திலேயே காலேஜை விட்டு நின்றுவிடாதீர்கள்.

மறுபக்கம், குறில் நெடில் நமக்கு அரிச்சுவடியிலேயே வந்துவிட்டது. 'ஒபசான்' என்றால் அத்தை, சித்தி. 'ஒபாசான்' என்றால் பாட்டி. ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள், நமக்கு அது கல், கால் மாதிரி. (இங்கே நானே தமிழில்தானே எழுதுகிறேன் என்று சொல்லிக் காட்டாதீர்கள், படிக்கிற வசதிக்கு.)

படி 2: இலக்கணத்தைத் தமிழ் வழியாகப் பிடியுங்கள்

பாடப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், வாத்தியாரும் ஆங்கிலத்தில் விளக்குவார், நாமும் ஜப்பானியத்தை ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கி, தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுக்கொண்டிருப்போம். வேண்டாம். 'மிரு' என்றால் பார். 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'ஒக்கு' என்றால் வை, 'ஷிதெ ஒக்கு' என்றால் செய்து வை. 'மொத்தெ குரு' கொண்டு வா. 'தபெதெ ஷிமவு' சாப்பிட்டுவிடு. ஆங்கிலப் புத்தகம் அரைப் பக்கம் விளக்குகிற இடத்தில் நமக்கு ஒரு வினையெச்சம் போதும். வினைச்சொல் கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், 'என்று சொன்னார்' என்பதில் வருகிற 'என்று'வுக்கு அவர்களிடம் ஒரு 'தொ'. இது, உது, அது, எது என்று நான்கு வரிசை பழைய தமிழில் உண்டு, 'உது' இன்றும் யாழ்ப்பாணத்தில் பேச்சில் இருக்கிறது. ஜப்பானியத்தில் அதே மாதிரி கொரெ, சொரெ, அரெ, தொரெ. 'சொரெ' எங்கே வரும் என்று குழம்பினால் உதுவை நினைத்துக்கொள்ளுங்கள், கேட்கிறவர் பக்கத்தில் இருப்பது.

இதைப் பார்த்துத்தான் சுசுமு ஓனோ என்கிற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழியும் உறவு என்று கடைசிவரை வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. நமக்கு அந்தப் பஞ்சாயத்து வேண்டாம், வாக்கியம் ஒரே வரிசையில் ஓடுகிறது, அது போதும்.

மரியாதை விஷயத்தில் கொங்குப் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் வசதி. சரிங்க, இல்லீங்க, ஏனுங்க என்று எல்லாவற்றுக்கும் வாலில் 'ங்க' போட்டே வளர்ந்ததால், ஜப்பானிய வாக்கியத்தின் கடைசியில் மரியாதைக்கு வருகிற 'தெஸ்', 'மஸ்' தானாக வாயில் வரும். ஒரே ஒரு இடத்தில் சறுக்கும். எங்க முதலாளி சொன்னாருங்க என்று வெளி ஆளிடம் நம் முதலாளியை உயர்த்திச் சொல்வது நமக்கு மரியாதை. ஜப்பானியத்தில் வெளி ஆளிடம் பேசும்போது தன் கம்பெனி முதலாளியின் பெயருக்குப் பின்னால் 'சான்' போட மாட்டார்கள், வினைச்சொல்லையும் தாழ்த்தித்தான் சொல்வார்கள். எனக்கு இது மனசுக்கு ஒப்பவே நாளாயிற்று.

படி 3: பரீட்சை, அதன் அளவுக்கு மட்டும்

ஜேஎல்பிடி ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிறு. நான் சென்னைக்கு ராத்திரி ரயில் ஏறிப் போய் எழுதினேன். பதிவு பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்3-க்கு 180-க்கு 95 வேண்டும், மூன்று பகுதியிலும் தனித்தனியே 19 வேண்டும். கம்பெனிக்காரர்கள் சான்றிதழைக் கேட்பார்கள், அதனால் எழுதுங்கள். ஆனால் அதில் பேச்சுத் தேர்வே கிடையாது. என்2 வைத்துக்கொண்டு வாய் திறக்காதவர்கள் இருக்கிறார்கள்.

பேச்சுக்கு நான் செய்தது: அம்மா போனில் பெரியம்மாவோடு பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் முணுமுணுப்பாக ஜப்பானியத்தில் சொல்வேன். கல்யாணப் பேச்சு, கரண்ட் பில், முட்டி வலி எல்லாம் வரும். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசுகிறவர் பின்னால் ஓடிப் பழகினது அங்கேதான்.

படி 4: முந்தின நாளே கம்பெனிக்குள் போய் நில்லுங்கள்

இதுதான் முக்கியம், மற்றதில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் சமாளிக்கலாம்.

என் முதல் வேலை கோவை கணபதி பக்கம் ஒரு பவுண்டரி. காலை ஒன்பதரைக்கு நேராகப் போய் இறங்கினேன். ஜப்பானிய இன்ஜினியர் உலைப் பக்கம் கையைக் காட்டி 'யு நோ ஒன்தோ' எவ்வளவு என்றார். ஒன்தோ, வெப்பநிலை. யு, வெந்நீர், என்5 பாடத்திலேயே படித்தது. நான் சூப்பர்வைசரிடம் திரும்பி, "வெந்நீர் எவ்வளவு சூடு இருக்குதுங்கண்ணா?" என்றேன். அவர் என்னையும் அந்த மனிதரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வெந்நீருங்களா அம்மிணி? குடிக்கறதுக்கா, குளிக்கறதுக்கா?" என்றார். பின்னால் லேடிலில் இரும்பு தகதகவென்று ஊற்றத் தயாராக இருக்கிறது, 1400 டிகிரி பக்கம். வார்ப்பட ஆட்கள் உருகின உலோகத்தையே 'யு' என்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள், இன்ஜினியரைத் தவிர.

அன்று மத்தியானமே மறுபக்கத்திலிருந்தும் ஒன்று வந்தது. பேட்டர்னில் (வார்ப்பு அச்சு எடுப்பதற்கான மாதிரி) ஒரு நூல் கம்மியா இருக்குதுங்க என்றார் சூப்பர்வைசர். நான் நூலுக்குப் படித்த சொல்லைச் சொன்னேன், இன்ஜினியர் குனிந்து தரையில் நூல் தேடினார். தச்சுக் கணக்கில் எட்டு நூல் ஒரு அங்குலம், ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். எங்கள் தாத்தா வீட்டில் கதவு செய்தபோது காதில் விழுந்த சொல்தான், அங்கே நின்றபோது நினைவுக்கு வரவில்லை.

அதனால் முந்தின நாள் போங்கள். போனில் அனுமதி கேட்டாலே விடுவார்கள், அவர்களுக்கும் நல்லதுதானே. பொருள் உள்ளே வருவதிலிருந்து வெளியே போவதுவரை கூடவே நடங்கள், ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி, "இதுக்கு உங்க ஊர்ப் பேர் என்னங்க?" என்று கேளுங்கள். நோட்டில் மூன்று பத்தி: அந்தக் கம்பெனியில் புழங்கும் சொல், அது என்ன வேலை செய்கிறது, ஜப்பானியம். நடுப் பத்தியை விட்டுவிடாதீர்கள், சொல் மறந்தால் வேலையைச் சொல்லியாவது தப்பிக்கலாம். பவுண்டரி என்றால் இமோனோ வார்ப்பு, நககோ கோர் (வார்ப்பின் உட்குழிக்கு வைக்கும் அச்சு), பரி பிசிர், ஸு வார்ப்புக்குள் விழுகிற ஓட்டை (வீட்டு அகராதியில் ஸு பறவைக் கூடு). பம்ப் கம்பெனியில் 'பொருதொ' என்று காதில் விழுந்தால் போல்ட்டா, வோல்ட்டா என்று கேட்டே ஆகவேண்டும், இரண்டுக்கும் அதே உச்சரிப்பு. திருப்பூரில் ஜப்பான்காரர் 'மிஷின்' என்றால் தையல் மெஷின் மட்டும்தான், மற்ற மெஷின் எல்லாம் 'கிக்காய்'. அங்கே 'கென்ஷின்' என்கிற சொல்லை நெட்டுருப் போடுங்கள், துணிக்குள் உடைந்த ஊசி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. ஊசி உடைந்தால் துண்டு எல்லாம் கிடைத்ததா, ஒட்டிவைத்த பதிவு எங்கே என்று ஜப்பான் பையர்கள் (சரக்கு வாங்குகிறவர்கள்) விடாமல் கேட்பார்கள்.

படி 5: எண்களுக்குத் தனி அட்டை

நமக்கு லட்சம், கோடி. அவர்களுக்குப் பத்தாயிரம் ஒரு 'மான்', பத்துக் கோடி ஒரு 'ஒக்கு' (ஆமாம், மேலே வந்த 'வை' மாதிரியேதான் ஒலிக்கும்). விலை பேசும் இடத்தில் மனக்கணக்குப் போட்டால் ஒரு சைபர் போய்விடும். குறுக்கு வழி இது: தொகையை லட்சத்தில் சொல்லுங்கள், பின்னால் ஒரு சைபர் சேருங்கள், மான் வந்துவிடும். 3 கோடியே 25 லட்சம் என்றால் 325 லட்சம், அதாவது 3250 மான். எந்தத் தொகையையும் வாயால் சொல்வதோடு விடாமல் எழுதிக் காட்டுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மணி சொல்லும்போது ஒன்று 'இச்சிஜி', ஏழு 'ஷிச்சிஜி', மெஷின் சத்தத்தில் இரண்டும் ஒன்றுதான். ஏழுக்கு 'நனஜி' என்றே சொல்லுங்கள். தாளில் ரெய்வா 7 என்று (ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக்கால ஆண்டு) இருந்தால் 2018-ஐக் கூட்டுங்கள், 2025.

படி 6: அன்றைக்கு

காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மத்தியானம் விருந்து தடபுடலாக இருக்கும், அரிசிம்பருப்புச் சாதம் என்றால் என்ன, அதில் என்ன பருப்பு என்று அவர் கேட்பார், முதலாளி நாலு கதை சொல்வார், எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லி முடிப்பதற்குள் இலையை எடுத்துவிடுவார்கள்.

பேசுகிறவர் 'நான்' என்றால் நீங்களும் 'நான்' என்றே சொல்லுங்கள். 'அவர் என்ன சொல்றாருன்னா' என்று இழுத்தால் நேரம் இரட்டிப்பாகும், யார் எந்த 'அவர்' என்றும் குழம்பும். ஆனால் முதலிலேயே இரண்டு பக்கமும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் 'இந்த லாட்டை நான் ஏத்துக்க மாட்டேன்' என்று நீங்கள் சொல்லும்போது சூப்பர்வைசர் உங்களைத்தான் முறைப்பார். வாக்கியம் முடிகிறவரை வாயைத் திறக்காதீர்கள். இரண்டு மொழியிலும் ஆம், இல்லை கடைசியில்தான் வரும், 'மஸ்' என்று நினைத்துத் தொடங்கினால் 'மஸென்' என்று முடிப்பார்.

அவர் 'ஹாய், ஹாய்' என்று தலையாட்டுவது பல நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்குத்தான், சம்மதத்துக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'முஸுகஷீ தெஸ் நெ', கஷ்டந்தான், என்றால் பெரும்பாலும் நடக்காது. நம் ஆட்கள் மட்டும் என்னவாம்? 'பண்ணிக்கலாமுங்க', 'பாத்துக்கலாமுங்க', இந்த இரண்டையும் அப்படியே மாற்றிக் கொடுத்தால் ஜப்பான்காரர் நாளைக்கே மெயிலில் தேதி கேட்பார். அதனால் மாற்றுவதற்கு முன் சூப்பர்வைசரிடம், "எந்தத் தேதிக்குங்கண்ணா?" என்று கேட்டுவிடுவேன், கேட்டதை ஜப்பான்காரரிடமும் சொல்லிவிடுவேன். உங்களுக்குள்ளே என்ன பேசுறீங்க என்கிற சந்தேகம் வரவே கூடாது. புரியாவிட்டாலும் அப்படித்தான், புரியவில்லை என்று சொல்லி இன்னொரு முறை கேளுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். ஊகத்துக்கு உதாரணம் மேலே வெந்நீர்.

படி 7: கூலி

போவதற்கு முன்பே பேசுங்கள், போய் நின்றபின் பேசுவது கூச்சம். ஒரு நாளைக்கா, அரை நாளைக்கா, ஆறு மணிக்கு மேல் போனால் என்ன, ராத்திரிச் சாப்பாட்டுக்கும் கூட வரச் சொன்னால் என்ன, பல்லடமோ ஈரோடோ போனால் வண்டிச் செலவு யாருடையது என்பதை வாட்ஸப்பில் ஒரு மெசேஜாகப் போட்டு, சரி என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். 'படிக்கிற பொண்ணு தானே, அனுபவம் கிடைக்கும்' என்று சொல்லி இலவசமாகக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. ஒரு தடவை போங்கள், அதுவும் பக்கத்திலேயே இருக்கிற கம்பெனியாக இருந்தால். இரண்டாவது தடவைக்குக் கூலியைச் சொல்லுங்கள்.