நாலாவது வருடம் யார் கட்டுவது? கிராமத்து டிஜிட்டல் வேலைக்குக் கம்பெனிகளைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆந்திரத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குப்பம், ராமகுப்பம், சாந்திபுரம் பக்கம் ஊருக்கு டிஜிட்டல் வசதி செய்துதரப் புதிதாக இறங்கும் குழுக்கள் தங்கள் திட்ட வரைவை அனுப்பி, ‘ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கண்ணா’ என்பார்கள். பள்ளிக்கு ஸ்மார்ட் வகுப்பறை, ஊருக்குத் தண்ணீர் ஏடிஎம், தக்காளி விலை சொல்லும் ஆப், சோலார் பம்பு என்று ஏதாவது ஒன்று இருக்கும். பணம் தர ஒரு கம்பெனியும் தயாராக இருக்கும். படித்து முடிப்பதற்குள் எனக்குத் தலை வலித்துவிடும். எங்கள் வயதுக்காரர்கள் செய்து, ஊராரிடம் பேச்சு வாங்கிய அதே பிழைகள் வண்ணப் படங்களோடு திரும்பி வந்திருக்கும்.

கணக்கை ஒழுங்காக வைக்க வேண்டும், ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதைச் சொல்லித்தர வேண்டிய நிலையில் இருப்பவர்கள் கம்பெனி வாசலுக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

கம்பெனியை ஒரே ஆளாக நினைப்பது

உங்களிடம் சிரித்துப் பேசுகிறவர் எந்தப் பிரிவு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சிஎஸ்ஆர் பிரிவு, அதாவது கம்பெனியின் சமூகப் பொறுப்புப் பிரிவு, என்றால் அவர் கையில் இருப்பது சட்டம் சொன்ன பணம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். கம்பெனி வழக்கமாகச் செய்யும் வியாபாரம் அந்தக் கணக்கில் வராது. விற்பனைப் பிரிவு என்றால் கதையே வேறு. அவருக்கு உங்கள் ஊர் ஒரு சந்தை. அதில் தப்பில்லை, ஆனால் அவரோடு தர்மம் பேசாமல் விலை பேச வேண்டும். இரண்டு பேரிடமும் ஒரே வரைவைக் கொடுத்துவிட்டு ஏன் பதில் வரவில்லை என்று காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி பிறந்ததும் திடீரென்று போன் வரும். ‘மார்ச்சுக்குள் செலவு காட்டணும், ஏதாவது இருக்கா?’ உடனே இருபது டேப்லெட்டுக்கு விலைப்பட்டியல் அனுப்பிவிடாதீர்கள். வேலையைப் பல வருடத் தொடர் திட்டமாக இயக்குநர் குழு ஏற்றுக்கொண்டால், செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்குக்கு மாற்றி, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவிடச் சட்டம் இடம் தருகிறது. இதை நீங்கள் சொன்னால் எதிர்முனையில் ஒரு நிமிடம் சத்தமே இருக்காது. அப்புறம் பேச்சு மரியாதையாகப் போகும்.

மூன்று வருடத்துக்கு மட்டும் யோசிப்பது

என்னை இன்றைக்கும் எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ராமகுப்பம் பக்கத்தில் ஒரு ஊர். பாதி வீடுகளில் தமிழ், பாதி வீடுகளில் தெலுங்கு. போர்வெல் ஆயிரம் அடி தாண்டி இறங்கியும் வருவது உப்புத் தண்ணீர். ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் பணத்தில் உப்பை நீக்கும் ஆர்ஓ பிளான்டும் தண்ணீர் ஏடிஎம்மும் வைத்துக் கொடுத்தது. கார்டைக் காட்டினால் இருபது லிட்டர் கேனுக்குத் தண்ணீர் விழும். எத்தனை லிட்டர் போனது என்று உள்ளே இருக்கும் சிம் வழியாகச் சர்வருக்குத் தகவல் போகும். மெஷினைப் பார்த்துக்கொள்ள டிவாக்ரா என்ற பெண்கள் சுயஉதவிக் குழுவிலிருந்து ஒரு அக்கா. கார்டில் காசு ஏற்ற அவர் கையில் ஒரு டேப்லெட். திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள், பெரிய அதிகாரிகள் வந்தார்கள்.

மூன்று வருடம் நன்றாகவே ஓடியது. சர்வருக்கான சந்தாவை மெஷின் விற்றவருக்குக் கம்பெனி மூன்று வருடத்துக்குச் சேர்த்தே கட்டியிருந்தது. அது முடிந்த வாரம் டேப்லெட்டில் காசு ஏற்ற முடியவில்லை. ஏற்கெனவே ஏற்றிய கார்டுகளும் வரிசையாக நின்றுபோயின. அந்த அக்கா போன் செய்து சொன்னது இது: “தண்ணி உள்ள ரொம்பி நிக்குது தம்பி, கார்டு செத்துப் போச்சு. ஊர்ல எல்லாம் என்னைத்தான் கேக்குறாங்க, என் இருபது ரூபா எங்கன்னு.”

விற்றவரைப் பிடித்தோம். ஒரே ஒரு மெஷினுக்குத் தனிக் கணக்குத் திறக்க மாட்டோம், குறைந்தது இத்தனை மெஷின் இருக்க வேண்டும் என்றார்கள். கம்பெனியில் கேட்டால் திட்டம் முடிந்து கோப்பு மூடியாகிவிட்டது, அப்போது பார்த்துக்கொண்ட அதிகாரியும் வேறு ஊருக்கு மாறிவிட்டார். பஞ்சாயத்தில் கேட்டால், மெஷின் எங்கள் பதிவேட்டிலேயே இல்லை, எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்குவது என்று பஞ்சாயத்துத் தலைவரான சர்பஞ்ச் திருப்பிக் கேட்டார். அவர் கேட்டதும் நியாயம். மோட்டார் நன்றாக இருக்கிறது, உப்பை வடிக்கும் மெம்பிரேன் நன்றாக இருக்கிறது, தொட்டி நிறையத் தண்ணீர். பூட்டின் சாவி மட்டும் ஏதோ ஒரு நகரத்துச் சர்வரில்.

கடைசியில் உள்ளூர் எலெக்ட்ரீஷியன் ஒருவர் கன்ட்ரோலர் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீரைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுக்கு நேராக ஒரு சாதாரண சுவிட்சைப் போட்டார். இப்போது அந்த அக்கா காசை வாங்கி நோட்டில் எழுதிக்கொண்டு சுவிட்சைத் தட்டுகிறார். அந்தக் காசில் மெம்பிரேனும் மாற்றியாகிவிட்டது. பிளான்ட் ஓடுகிறது, டிஜிட்டல் என்று சொல்ல அதில் ஒன்றும் பாக்கி இல்லை. கார்டில் மாட்டிக்கொண்ட ஊராரின் பணம் திரும்பவே இல்லை. தொகை சின்னதுதான். ஆனால் அதற்காக ஏச்சு வாங்கியது கம்பெனியும் அல்ல, மெஷின் விற்றவரும் அல்ல, சம்பளம் என்று பெரிதாக எதுவும் வாங்காத ஒரு பெண். எனக்குக் கோபம் அதில்தான்.

மூன்று வருடம் என்ற கெடு எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. 2002இல் ஹெச்பி நிறுவனமும் ஆந்திர அரசும் சேர்ந்து குப்பத்தில் ‘ஐ-கம்யூனிட்டி’ என்ற திட்டத்தைத் தொடங்கின. அதுவும் மூன்று வருடத் திட்டம். ஊர்களில் தகவல் மையங்கள் திறந்தார்கள். சுயஉதவிக் குழுப் பெண்கள் சிலருக்கு டிஜிட்டல் கேமராவும் சோலாரில் ஓடும் பிரிண்டரும் கொடுத்துப் பழக்கினார்கள். அடையாள அட்டைக்கும் விசேஷங்களுக்கும் படம் எடுத்துக் கொடுத்து அவர்கள் சம்பாதித்தார்கள். புதியவர்களிடம் நான் எடுத்துச் சொல்வது அந்தப் பெண்களைப் பற்றித்தான். இங்க், பேப்பர் செலவு போக மீதி தன் முந்தானையில் முடிகிறவருக்கு அந்தக் கருவியை ஓட வைக்க ஒரு காரணம் இருக்கிறது. பொது அறையில் வைத்த கம்ப்யூட்டருக்கு அப்படி ஒருவரும் கிடையாது.

சரி, என்ன செய்வது? கையெழுத்துக்கு முன்பே நாலாவது வருடத்துக்கு என்று தனியாக ஒரு தாள் எழுதுங்கள். கரண்ட் பில், நெட், ஃபில்டர், மெம்பிரேன், பார்த்துக்கொள்கிறவரின் கூலி, மென்பொருள் சந்தா எல்லாம் ஒரு பக்கம். யார் எவ்வளவு தருவார்கள் என்பது இன்னொரு பக்கம். துண்டு விழுந்தால் கருவியை எளிதாக்குங்கள். வைப்பு நிதி போட்டுத் தாருங்கள் என்று கம்பெனியைக் கேட்டுப் பயனில்லை. 2021 ஜனவரியில் விதிகள் திருத்தப்பட்ட பிறகு, ஓர் அமைப்பின் வைப்பு நிதிக்கு (கார்பஸ்) கொடுப்பது சிஎஸ்ஆர் செலவாக ஏற்கப்படுவதில்லை. புதிய குழுக்கள் அதையே கேட்டு, கம்பெனி கஞ்சத்தனம் செய்கிறது என்று திட்டிக்கொண்டு வருகிறார்கள்.

அதே திருத்தம் உங்களுக்குச் சாதகமான ஒன்றையும் சொல்கிறது. சிஎஸ்ஆர் பணத்தில் உருவாகும் சொத்தைக் கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. சிஎஸ்ஆர் பதிவெண் உள்ள அறக்கட்டளை, சங்கம் அல்லது லாப நோக்கில்லாத கம்பெனி, பயனாளிகளின் குழு, அரசு அமைப்பு, இந்த மூன்று வகையில் ஒன்றின் பெயரில்தான் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் டிவாக்ரா பெண்களின் கிராம சங்கத்தின் பெயருக்கு எழுதச் சொல்வேன். சர்பஞ்ச் மாறுவார், கட்சி மாறும், சங்கம் மாதாமாதம் கூடி நோட்டில் எழுதும். சொத்தை ஊராரே வைத்திருப்பது இங்கே கேள்விப்படாத விஷயமும் இல்லை. குப்பத்தில் வெகுகாலம் கரண்ட் கொடுத்ததே ரெஸ்கோ என்ற கூட்டுறவுச் சங்கம்தான்.

மெஷின் மட்டும் சங்கத்தின் பெயரில் இருந்தால் போதாது. உள்ளே இருக்கும் சிம், சர்வரின் அட்மின் கணக்கு, அதற்கான மெயில், பாஸ்வேர்டு எல்லாம் சங்கத்திடம் இருக்க வேண்டும். சர்வர் நின்றாலும் கையால் திறக்கிற சுவிட்ச் முதல் நாளிலிருந்தே மெஷினில் இருக்க வேண்டும். சந்தா முடிவதற்கு முன் கார்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும். விற்பவர், ‘எங்கள் சிஸ்டத்தில் அப்படிச் செய்ய முடியாது மேடம்’ என்றால், வேறு விற்பனையாளரைப் பாருங்கள்.

இலவசமாகக் கொடுப்பது

ஒரு ரூபாயாவது வாங்குங்கள்.

வெளிநாட்டு வெற்றியை அப்படியே நடுவது

வரைவுகளில் கென்யாவின் கைபேசிப் பணச் சேவையான எம்-பெசா வராத பக்கம் அபூர்வம். 2007இல் சஃபாரிகாம் என்ற கைபேசிக் கம்பெனி தொடங்கியது, ஏழைகள் கைபேசியில் பணம் அனுப்பினார்கள், ஆகவே நம் ஊரிலும் ஆகும் என்று எழுதுகிறார்கள். அதற்கு முன் நடந்ததை எழுதுவதில்லை. பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி நிதியும் வோடஃபோன் பணமும் சேர்ந்து ஒரு சோதனை நடந்தது. நுண்கடன் தவணையைக் கைபேசியில் கட்டுவதற்காகச் செய்தது அது. மக்களோ ஒருவருக்கொருவர் பணம் அனுப்ப அதைப் பயன்படுத்தினார்கள். கம்பெனி அதைக் கவனித்துத் திட்டத்தையே மாற்றிக்கொண்டது. ஏர்டைம், அதாவது கைபேசி ரீசார்ஜ், விற்ற கடைகள் முகவர்களாயின. அதே எம்-பெசா இந்தியாவுக்கும் வந்து 2019இல் மூடப்பட்டது. இங்கே விதிகள் வேறு, வங்கிகள் வேறு, யூபிஐயும் வந்துவிட்டிருந்தது.

வங்காளதேசத்தில் 1997இல் தொடங்கிய கிராமத் தொலைபேசியும் அப்படித்தான். பெண்கள் கிராமீன் வங்கிக் கடனில் கைபேசி வாங்கி நிமிடக் கணக்கில் பேச விட்டுச் சம்பாதித்தார்கள். வீட்டுக்கு வீடு கைபேசி வந்ததும் வருமானம் சரிந்தது. எந்த வெற்றிக்கும் ஒரு வயது உண்டு, அதை விசாரித்து எழுதுங்கள்.

உதாரணம்தான் வேண்டும் என்றால் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தின் அக்ஷயா கம்ப்யூட்டர் மையங்கள் 2002 நவம்பரில் மலப்புரத்தில் தொடங்கின. அரசு பெயரும் பயிற்சி வேலையும் கொடுத்தது, கடையை நடத்தியது தனிநபர்கள். வீட்டுக்கு ஒருவருக்குக் கம்ப்யூட்டர் பழக்கும் வேலை முடிந்ததும் பல மையங்கள் தடுமாறின. சான்றிதழ், விண்ணப்பம் என்று அரசு வேலைகள் அந்த மேசைக்கு வந்து, அதற்குக் கட்டணமும் கிடைத்ததால் கடைகள் நின்றன. எங்கள் பக்கத்தில் அரசுச் சான்றிதழ் வேலைகளைச் செய்துதரும் மீசேவா மையங்களும் கட்டணத்தில்தான் பிழைக்கின்றன. சிறிய தனியார் ஆள் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் தினமும் யாராவது அவர் கடைப்படி ஏற வேண்டும். இது எந்த வரைவிலும் இல்லை.

எல்லையை மறப்பது

ஆதார் முகவரி ஆந்திரம், சிம் தமிழ்நாடு, மருமகள் வாணியம்பாடிப் பக்கத்துக்காரி, பையன் பெங்களூரில். இதுதான் எங்கள் ஊர்க் குடும்பம். ஆப்பில் மாநிலம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஓடிபி போகிற போன் பெங்களூரில் பையன் கையில் இருக்கும். சரளமாகத் தெலுங்கு பேசுகிற பெரியவர்கள் பலருக்குத் தெலுங்கு வாசிக்க வராது, தமிழ்தான் வாசிப்பார்கள், சிலருக்கு அதுவும் இல்லை. கம்பெனிக்காரர்கள் தலைநகரில் கேட்டுத் தெலுங்கும் ஆங்கிலமும் போட்டு அனுப்புவார்கள். குரலில் சொல்கிற வசதி கேளுங்கள், தமிழையும் சேர்த்து மூன்று மொழியிலும் கேளுங்கள். பக்கத்து ஊர் தமிழ்நாட்டில் இருந்தால் அங்கிருந்து கேனோடு வருகிறவரைத் திருப்பி அனுப்புவதா என்று முதலிலேயே ஊர்க்கூட்டத்தில் பேசுங்கள். மெஷின் வந்த பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

பைலட்

அடுத்து என்ன என்ற கேள்விக்குப் பதில் இல்லாத பைலட்டுக்கு, அதாவது சோதனைத் திட்டத்துக்கு, ஊரைக் கொடுக்காதீர்கள்.

விவரங்களை அள்ளிக் கொடுப்பது

பயனாளிப் பட்டியல் கேட்பார்கள். பெயரும் எண்ணிக்கையும் போதுமான இடத்தில் ஆதார் நகல், நிலத்தின் சர்வே எண், போன் எண் எல்லாவற்றையும் எக்செலில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, சம்மதம் பெற்று, அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். தக்காளி விலை ஆப்புக்குக் கொடுத்த எண்ணுக்கு மறுமாதம் கடன் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தால், விவசாயி உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்.

பழைய பேட்டரி

சோலார் கருவிகளின் பழைய பேட்டரிக்குக் காயலாங்கடைக்காரர் நல்ல விலை கொடுப்பார். அதனால்தான் பேட்டரி காணாமல் போகிறது. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய பேட்டரி திரும்பச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போவதற்குத் தயாரிப்பாளர்தான் பொறுப்பு. பழையதைக் கொடுத்தால் புதியதன் விலையில் விற்பவர் எவ்வளவு கழிப்பார் என்பதை வாங்கும் நாளிலேயே விலைப்பட்டியலில் எழுத வையுங்கள்.

பெயர்ப்பலகை

கம்பெனி தன் சின்னத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். அதற்குக் கீழே மெஷின் ரிப்பேர் செய்பவரின் போன் எண்ணைப் பெயின்ட்டில் எழுதச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் வேண்டாம், ஒரு வெயிலுக்குத் தாங்காது.