மின்னணு மருத்துவப் பதிவு: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

சென்ற மாதம் ஒரு மருத்துவமனையில் கேஸ் ஷீட்டிலிருந்து கணினிக்கு மாறும் வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். திரையை வடிவமைத்த இளைஞர்கள் பெருமையோடு காட்டினார்கள். மேல் மூலையில் பெரிதாக 'பிற குறிப்புகள்' என்றொரு பெட்டி. எதை வேண்டுமானாலும் அதில் எழுதிக்கொள்ளலாமாம். 12 ஆண்டுகளுக்கு முன் அதே பெட்டியை அதே இடத்தில் வைத்தவன் நான். வயிற்றைக் கலக்கியது.

கடவுச்சொல்லைப் பகிராதீர்கள், காப்புப் பிரதி எடுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை உங்களுக்கே தெரியும்.

ஒவ்வாமையை வாக்கியமாக எழுதிவைப்பது

நாங்கள் கணினிக்கு மாறிய முதல் ஆண்டு, நிமோனியாவோடு ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். "பென்சிலின் போட்டால் எனக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும்" என்று வந்ததுமே சொல்லியிருக்கிறார். செவிலியர் அதை ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் நான் வைத்த குறிப்புப் பெட்டியில் பதிந்தார். ஒவ்வாமைக்கென்றே ஒரு கட்டம் இருந்தது, மூன்று திரை தள்ளி. நிறைந்து வழியும் வார்டில் யார் அதுவரை போவார்கள்? இரவுப் பணி மருத்துவர் அமாக்சிசிலின் ஊசி எழுதினார். கணினி வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தையே அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். ஊசி ஏறிய சில நிமிடங்களில் பெரியவருக்கு முகம் வீங்கி மூச்சு இழுத்தது. உடனே தொடையில் அட்ரினலின் போட்டதால் பிழைத்தார்.

மறுநாள் விசாரணையில் ஆளுக்கு ஆள் சொன்னது ஒன்றுதான்: "அதுதான் கணினியில் எழுதியிருக்கிறதே!" இன்றும் இதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. எழுதியிருந்ததை மனிதர் படிக்கலாம். மருந்தை ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலோ குறிப்புப் பெட்டியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதற்குப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்த, குறியீடு உள்ள பதிவு வேண்டும். ஸ்னோமெட் சிடி போன்ற குறியீட்டுத் தொகுப்புகளெல்லாம் இதற்காகத்தான். பட்டியலில் 'பென்சிலின்' என்று தேர்ந்தெடுத்திருந்தால், அமாக்சிசிலினும் அந்தக் குடும்பம்தான் என்று மருந்துத் தரவுத்தளமே கண்டுபிடித்துத் தடுத்திருக்கும். பழைய தாள்களை ஸ்கேன் செய்து படமாக ஏற்றிவிட்டு 'எல்லாம் கணினியில் இருக்கிறது' என்பவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள்.

கட்டத்தை முன்னால் கொண்டுவந்ததோடு வேலை முடியவில்லை. 'ஒவ்வாமை இல்லை' என்பது வேறு, 'இன்னும் கேட்கவில்லை' என்பது வேறு; வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரியாது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகே மருந்து எழுதும் திரை திறக்கட்டும், அவசர சிகிச்சைக்கு மட்டும் விலக்கு. மருந்தால் என்ன ஆயிற்று என்பதையும் கேட்டுப் பதியுங்கள். வெறும் குமட்டலை மூச்சுத்திணறலோடு சேர்த்து 'ஒவ்வாமை' என்று ஏற்றிவிட்டால், நல்ல மருந்து ஒன்று அந்த நோயாளிக்குக் காலமெல்லாம் கிடைக்காமல் போகும்.

அந்த இளைஞர்களிடம் 'பிற குறிப்புகள்' பெட்டியை எடுத்துவிடச் சொன்னேன். மருத்துவர்கள் விடமாட்டேன் என்கிறார்களாம். சரி, ஒவ்வாமைக் கட்டத்துக்குக் கீழே இரண்டு வரி உயரத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

தொட்டதற்கெல்லாம் எச்சரிக்கை

2013இல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் 16 வயதுச் சிறுவனுக்கு ஒரு மாத்திரைக்குப் பதில் 38½ மாத்திரை கொடுத்துவிட்டார்கள். மருத்துவர் மில்லிகிராம் என்று நினைத்து 160 என அடிக்க, கணினி அதை ஒரு கிலோ எடைக்கு 160 மில்லிகிராம் என்று கணக்கிட்டது. எச்சரிக்கை வராமலில்லை. மருத்துவரும் மருந்தாளுநரும் அதைத் தள்ளிவிட்டுப் போனார்கள். நாள் முழுக்க ஒன்றுமில்லாததற்கெல்லாம் அலறும் திரைக்கு என்ன மதிப்பு இருக்கும்? சிறுவன் வலிப்பு வந்து பிழைத்தான். உங்கள் அமைப்பில் எத்தனை எச்சரிக்கைகள் படிக்கப்படாமலே மூடப்படுகின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பாதியை நீக்கத் தோன்றும்.

நேற்றைய குறிப்பை இன்று ஒட்டுவது

போன வாரம் எடுத்துவிட்ட சிறுநீர்க் குழாய், பதிவில் மட்டும் இன்னும் இருக்கும்.

1.0 மி.கி.

புள்ளி கண்ணில் படாவிட்டால் 10. வெறும் 1 என்றே காட்டுங்கள்.

கணினி நின்றுபோனால்

அச்சிட்ட மருந்துப் பட்டியல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று இரவுப் பணிச் செவிலியரிடம் கேட்டுப் பாருங்கள்.