அமெரிக்காவில் பி.எச்டி.க்கு விண்ணப்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கட்-ஆஃபாக மாற்றி, தரவரிசைப்படி கலந்தாய்வில் இடம் எடுத்துப் பழகிய நம் மாணவர்கள், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பி.எச்டி. சேர்க்கையையும் அதே கணக்கில் அணுகுகிறார்கள். பிற தவறுகள் பலவற்றுக்கும் இதுவே வேர். அங்கே அறிவியல், பொறியியல் துறைகளில் பெரும்பாலும் கல்விக் கட்டணத்தை விலக்கி, மாதந்தோறும் உதவித்தொகையும் தந்து மாணவரை ஐந்தாறு ஆண்டுகள் வைத்திருக்கிறார்கள். ஆகவே விண்ணப்பத்தைப் படிக்கும் ஆசிரியர் குழு, இவர் ஆராய்ச்சியில் தாக்குப்பிடிப்பாரா என்பதற்கான சான்றைத்தான் தேடுகிறது. நல்ல மதிப்பெண் அந்தச் சான்றில் ஒரு பகுதி மட்டுமே.

இதை உணராததால் மூன்றாம் ஆண்டு விடுமுறை முழுவதையும் ஜி.ஆர்.இ. என்ற பொது நுழைவுத் தேர்வின் சொற்பட்டியலுக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் பலர். அண்மை ஆண்டுகளில் பல துறைகள் அந்தத் தேர்வைக் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டன. மதிப்பெண்ணை அனுப்பினாலும் பார்க்கமாட்டோம் என்று சொல்லும் துறைகளும் உண்டு. ஒரே பல்கலைக்கழகத்திலும் துறைக்குத் துறை விதி மாறும் என்பதால், தேர்வுக்குப் பணம் கட்டும் முன் அந்தந்தத் துறையின் அறிவிப்பைப் படித்துவிட வேண்டும். ஜி.ஆர்.இ. மதிப்பெண் ஐந்து ஆண்டுகளுக்கும் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் டோஃபல் தேர்வின் மதிப்பெண் இரண்டே ஆண்டுகளுக்கும் செல்லும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

என் பார்வையில் மிக அதிகமாகக் கெடுதல் செய்வது பரிந்துரைக் கடிதங்களில் நடக்கும் தவறு. வழக்கமாக மூன்று கடிதங்கள் கேட்பார்கள். பதவிப் பெயருக்காகத் துறைத் தலைவரையும் முதல்வரையும் நாடுகிறவர்களுக்கு, "ஒழுக்கமானவர், வகுப்பில் முதலிடம்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லாத கடிதமே கிடைக்கும். ஆய்வகத்தில் நம் வேலையை அருகிலிருந்து பார்த்த உதவிப் பேராசிரியரின் கடிதத்துக்கு அதைவிட மதிப்பு அதிகம். "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சில ஆசிரியர்கள் சொல்வதும் நாம் அறிந்ததே. அப்படி எழுதுவது நேர்மைக் குறைவு; மூன்று கடிதங்களும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்கும் எளிதில் தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக, செய்த திட்டப்பணி, அதில் எழுந்த சிக்கல், அதை அணுகிய விதம் ஆகியவற்றை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி, கடைசி நாளுக்கு ஆறு வாரமாவது முன்பு ஆசிரியரிடம் பணிவோடு கொடுக்கலாம். கடிதத்தைப் பிறகு பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும். 1974-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று மாணவருக்குத் தரும் உரிமை அது. விட்டுக்கொடுப்பதே வழக்கம், இல்லாவிட்டால் கடிதம் மனம் திறந்து எழுதப்பட்டதா என்ற ஐயம் எழும்.

ஏன் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறோம் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்க உரையைச் சிறுவயதுக் கனவோடும் அப்துல் கலாம் மேற்கோளோடும் தொடங்குவது அடுத்த தவறு. கலாம் மீதுள்ள மதிப்பு உண்மையானதே என்றாலும், படிப்பவர் தேடுவது விண்ணப்பிப்பவரின் சிந்தனையை. சாயக் கழிவுநீரிலிருந்து கரித்தூளால் நிறத்தை அகற்றும் திட்டப்பணி செய்த ஒருவர், "சுற்றுச்சூழல் மீது எனக்குப் பேரார்வம்" என்று எழுதினால் எதுவும் பதியாது. கரித்தூளை மறுபடி மறுபடி பயன்படுத்தியபோது அதன் திறன் ஏன் குறைந்தது, அதற்கு எந்தக் காரணத்தை ஐயுற்றார், அதை எப்படிச் சோதித்தார் என்று எழுதினால் அந்தப் பத்தியே அவருக்காகப் பேசும். முடிவு தோல்வியாக இருந்தாலும் குற்றமில்லை. யாரிடம் பணியாற்ற விருப்பம் என்று பேராசிரியர்களின் பெயரைக் குறிப்பிடும் முன், அவர் ஓய்வு பெற்றுவிட்டாரா, வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாரா என்று பார்க்க வேண்டும். சீனியரின் உரையை வாங்கிப் பெயர் மாற்றி அனுப்புவது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஆவணங்களில் நமக்கே உரிய ஒரு சிக்கல் முன்னெழுத்து. மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்தாக நிற்கும் தந்தை பெயர், பாஸ்போர்ட்டில் விரிந்து குடும்பப் பெயராக இருக்கும். தேர்வுப் பதிவும் விண்ணப்பமும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். பத்துக்கு எடுத்த சி.ஜி.பி.ஏ.வை, அவர்கள் கேட்காதபோது, நான்குக்கு மாற்றி எழுதக் கூடாது. பல்கலைக்கழகம் தரும் அதிகாரபூர்வ மதிப்பெண் தொகுப்பான டிரான்ஸ்கிரிப்ட் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம். பல துறைகளின் கடைசி நாள் டிசம்பர் முதல் பாதியிலேயே வந்துவிடுவதால், செப்டம்பரிலேயே கேட்டு வைப்பது நல்லது. விண்ணப்பக் கட்டணம் சுமையாக இருந்தால், விலக்கு உண்டா என்று துறைக்கு எழுதிக் கேட்கலாம்; பலர் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

இடம் கிடைத்த பின்னும் அவசரம் ஒரு தவறாகிறது. நிதியுதவியோடு வரும் அழைப்புக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை மாணவருக்கு அவகாசம் தருவதாகப் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக ஒப்புக்கொண்டுள்ளன. முதலில் வந்த கடிதத்துக்கு அஞ்சி மார்ச்சிலேயே ஒப்புதல் தராமல், உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு, கோடைக்காலத்துக்கும் உண்டா, மருத்துவக் காப்பீடு சேர்த்தியா என்று கேட்டு, அங்கே இப்போது படிக்கும் மாணவர்களிடமும் பேசிவிட்டு முடிவெடுக்கலாம். வேண்டாம் என்று தீர்மானித்த இடங்களுக்கு மட்டும் அந்தத் தேதிவரை காத்திராமல் உடனே எழுதிவிட வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் உள்ள இன்னொருவருக்கு அந்த அழைப்பு போகும்.