சபைக்கு ஒரு கீர்த்தனை இயற்றுவது எப்படி

யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில், தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தர் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பெசலெயேல், ஆசாரியனும் அல்ல, தீர்க்கதரிசியும் அல்ல. பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் மரத்திலும் வேலை செய்யத் தெரிந்த கைவினைஞன். ஆவியைப் பெற்ற பிறகும் அவன் மரத்தை அளந்துதான் அறுத்திருப்பான். ஆகவே ஜெபித்துவிட்டு எழுத உட்காருங்கள். ஆனால் எதுகையும் தாளமும் தாமாக வந்து அமையும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஒரு கீர்த்தனைக்கு ஒரு வசனம் போதும். மீட்பு, சிலுவை, பரலோகம் ஆகிய அனைத்தையும் ஒரே பாட்டில் அடக்க முயன்றால் எதுவும் மனத்தில் நிற்காது. அறுப்பின் பண்டிகைக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மாற்கு 4-ஆம் அதிகாரத்தில், விதைத்தவன் இரவில் தூங்கிப் பகலில் விழித்திருக்க, அவனுக்குத் தெரியாமலே விதை முளைத்து வளர்கிறது. விதைப்பது நம் வேலை, விளைவிப்பது அவர் வேலை என்ற அந்த ஒரு கருத்தைப் பல்லவியில் வையுங்கள்:

விதைத்தேன் இறைவா விளைவு உனதே
புதைத்த மணியைப் பொழுதெலாம் காப்பாய்

முதலடி பல்லவி, இரண்டாமடி அனுபல்லவி. 'விதைத்தேன்', 'புதைத்த' என்பவற்றில் இரண்டாம் எழுத்து ஒன்றி எதுகை அமைகிறது. 'வி - வி', 'பு - பொ' என்று முதல் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனை அமைகிறது. இதை எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் சீருக்கு இரண்டு எண்ணிக்கையாகப் போட்டுப் பாருங்கள். முதல் நான்கு எண்ணிக்கைகளாகிய லகுவின் தட்டு 'விதைத்தேன்' மேல் விழும். அடுத்து இரண்டிரண்டு எண்ணிக்கையாக வரும் இரு துருதங்களில், ஐந்தாம் எண்ணிக்கையில் தொடங்கும் முதல் துருதத்தின் தட்டு 'விளைவு' மேல் விழும். மோனை வரும் இடமும் தட்டு விழும் இடமும் ஒன்றாவதால், புத்தகம் பார்க்காதவர்களும் அடியை மறக்காமல் பாடுவார்கள். யாப்பும் தாளமும் இப்படிக் கைகோக்கும்போது எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.

மெட்டு விஷயத்தில் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரிடம் (1774–1864) கற்றுக்கொள்ளுங்கள். ஐரோப்பிய மெட்டுகளில் அமைந்த ஞானப்பாட்டுகள் சபையில் ஏற்கெனவே வழங்கிய காலத்தில், அவர் குறத்தி வந்து குறி சொல்லும் குறவஞ்சி வடிவத்தை எடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். ஒன்றுமில்லாமையிலிருந்து படைப்பவர் தேவன் ஒருவரே; நாமோ நம் மண்ணில் கிடப்பதை எடுத்து அவருக்காக வனைகிறோம். எனவே சபைக்குக் காது பழகிய ராகமாக, ஆனந்தபைரவி போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரே அடியை விதவிதமாக மாற்றிப் பாடும் நீண்ட சங்கதிகள் வேண்டாம். உச்ச ஸ்தாயியில் அதிகம் நிற்கவும் வேண்டாம், ஏனெனில் பாடப்போவது வித்துவான்கள் அல்லர், வயலிலிருந்து வருகிறவர்கள்.

சரணங்கள் மூன்று போதும். 'கிருபை', 'மகிமை', 'அன்பு' என்ற சொற்களை அடுக்கினால் அடி நிரம்பிவிடும், ஆனால் கண்ணுக்கு முன் எதுவும் தோன்றாது. நனைத்து முளைகட்டிய நெல், மடையில் திருப்பிய தண்ணீர், கதிரின் முதல் பால் என்று சரணத்துக்கு ஒரு காட்சியாக வையுங்கள். எல்லாச் சரணங்களும் ஒரே மெட்டில் வருவதால், முதல் சரணத்தின் குறில் நெடில் அமைப்பையே மற்றவற்றிலும் பின்பற்ற வேண்டும். குறில் இருக்க வேண்டிய இடத்தில் நெடில் வந்தால் பாடுபவர்கள் சொல்லைச் சிதைத்துவிடுவார்கள்.

எழுதி முடித்ததும் பாடகர் குழுவிடம் கொடுப்பதற்கு முன், எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு பாட்டியம்மாவின் அருகில் உட்கார்ந்து மூன்று முறை பாடிக் காட்டுங்கள். மூன்றாம் முறை அவர் பல்லவியில் சேர்ந்துகொண்டால் பாட்டு ஆயத்தம். ஏதேனும் ஒரு சொல்லில் அவர் தடுமாறினால், அது எவ்வளவு அழகான சொல்லாக இருந்தாலும் அதை எடுத்துவிட்டு வேறு சொல்லைத் தேடுங்கள்.