சொந்தமா பாட்டு கட்டுறீங்களா? பேப்பர்ல சைன் போடுறதுக்கு முன்னாடி இத படிங்க

பெங்களூர்ல அலசூர், ஸ்ரீராமபுரம் பக்கம் நம்ம பசங்க எவ்ளோ பேரு கோயில் திருவிழால பாடுறாங்க, தர்மபுரி கிருஷ்ணகிரில இருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம், சொந்தமா பாட்டு கட்டி, ஸ்டூடியோல நீட்டுற பேப்பர படிக்காமலே சைன் போட்டுட்டு ஏதோ குடுத்த காச வாங்கிட்டு வந்துடுறாங்க. மனசு பொறுக்கல, அதான் எழுதுறேன்.

சொந்தமா பாட்டு எழுதிப் பாடுற டாலி பார்ட்டன தெரிஞ்சுக்கோங்க. அமெரிக்காவுல டென்னசி மலைப்பக்கம் 1946ல பொறந்தவங்க, 12 பிள்ளைங்கள்ல நாலாவது, அப்பாவுக்கு எழுதப்படிக்க தெரியாது, பிரசவம் பாத்த டாக்டருக்கு காசுக்கு பதிலா ஒரு மூட்டை சோளமாவு குடுத்த வீடு. 1964ல ஸ்கூல் முடிச்ச மறுநாளே பாட்டு கம்பெனிங்க இருக்குற நாஷ்வில் ஊருக்கு கெளம்பிட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு அவங்க எழுதி ஹிட்டான 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'வ அப்போ பெரிய ஸ்டார் பாடகரா இருந்த எல்விஸ் பிரெஸ்லி பாட ஆசப்பட்டாரு, ஆனா அவரு மேனேஜர் உரிமைல பாதி கேட்டாரு. எல்விஸ்னா சும்மாவா, இருந்தும் தரமாட்டேன்னுட்டாங்க, அன்னிக்கு ராத்திரி முழுக்க அழுதாங்களாம். 1992ல அதே பாட்ட விட்னி ஹூஸ்டன் பாடி உலகம் பூரா ஓடுச்சு, உரிமை டாலி கையிலயே இருந்ததால கோடிக்கணக்குல காசு வந்துச்சு.

இப்போ நீங்க என்ன செய்யணும்னா, பாட்டு முடிஞ்ச அன்னிக்கே வரிய தேதி போட்டு எழுதி, போன்ல பாடி ரெக்கார்ட் பண்ணி உங்களுக்கே மெயில் அனுப்பிடுங்க. எழுதினதுமே காப்பிரைட் உங்களுது, பதிவு கட்டாயம் இல்ல, ஆனா அரசாங்க காப்பிரைட் ஆபீஸ்ல ஆன்லைன்ல பதிஞ்சு வெச்சா பிரச்சனைன்னு வந்தா கைகுடுக்கும். பாட்டி பாடுன நடவுப்பாட்டு மெட்டு மட்டும் யாருக்கும் சொந்தம் இல்ல, நீங்க போட்ட புது வரிதான் உங்களுது.

அக்ரிமெண்ட்ல உரிமை கம்பெனிக்கு எத்தன வருஷம்னு எழுதலன்னா 5 வருஷம்தான், எந்த நாடுன்னு எழுதலன்னா இந்தியா மட்டும்தான், சட்டமே அப்படித்தான் சொல்லுது. அதனாலதான் 'பர்பெச்சுவல்' (காலம் பூரா), 'வேர்ல்டுவைட்' (உலகம் பூரா)னு ரெண்டு வார்த்தைய சொருகிடுவாங்க, முதல்ல அதத் தேடுங்க. 2012ல காப்பிரைட் சட்டத்த திருத்துனதுக்கு அப்புறம் பாட்டு எழுதினவங்க, மெட்டு போட்டவங்க ராயல்டி பங்க, அதாவது பாட்டு ஓடுறப்பெல்லாம் வர்ற காசுல அவங்க பங்க, கம்பெனிக்கு எழுதிக்குடுக்கவே முடியாது, எழுதியிருந்தாலும் செல்லாது! பாட்டு வெளியானதும் பாட்டு எழுதுறவங்க, மெட்டு போடுறவங்களுக்கு ராயல்டி வசூல் பண்ணிக் குடுக்குற ஐபிஆர்எஸ் (IPRS) சங்கத்துல மெம்பர் ஆகிடுங்க, ஆப்ல, ரேடியோல ஓடுற ராயல்டி அது வழியாத்தான் வரும்.

பேப்பர் இங்கிலீஷ்ல இருந்தா வெக்கப்படாம போட்டோ எடுத்துட்டு, ரெண்டு நாள் டைம் கேளுங்க, படிச்ச அக்கா அண்ணன் யார்கிட்டயாவது காட்டுங்க. இப்பவே போடுன்னு அவசரப்படுத்துனா எந்திரிச்சு வந்துடுங்க.