சினிமாப் பெயரைக் கலைத்துப் புதுச்சொல் செய்வது எப்படி?

'பாசமலர்' என்ற பெயரின் ஐந்து எழுத்தையும் இடம் மாற்றினால் 'சபா மலர்' கிடைக்கும். 'பராசக்தி'யைக் கலைத்தால் 'ராச பக்தி'. ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை, வெளியிலிருந்தும் வரவில்லை. இதுதான் விளையாட்டு.

முதலில் படத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து முதல் எட்டு எழுத்து வரை உள்ள பெயர்தான் பழகுவதற்கு நல்லது. 'கைதி' போல இரண்டே எழுத்தென்றால் 'திகை' என்று ஒரே தட்டில் முடிந்துவிடும். பெயரில் புள்ளி வைத்த எழுத்து எத்தனை என்றும் எண்ணுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் தொடக்கக்காரர்கள் தொட வேண்டாம். ஏன் என்று கீழே வரும்.

அடுத்து, பழைய காலண்டர் அட்டையைச் சிறு சதுரங்களாக வெட்டி, சதுரத்துக்கு ஓர் எழுத்தாக எழுதுங்கள். காகிதத்தில் எழுதி அடித்துத் திருத்துவதைவிட இது பல மடங்கு மேல். கை அட்டையை நகர்த்தும்போது கண் புதுச் சேர்க்கைகளைப் பிடித்துக்கொள்ளும். எந்த எழுத்தும் இரண்டு முறை பயன்படவும் முடியாது.

பலரும் சறுக்கும் இடம் எழுத்துக் கணக்கு. 'ரமணா' (2002) என்றதும் 'மரண' என்று மனசு ஓடும். கையில் இருப்பது ணா, வேண்டியது ண. இரண்டும் வேறு வேறு எழுத்து. 'காக்கா முட்டை'யிலிருந்து 'மூட்டை' எடுக்க முடியாததும் இதனால்தான். அங்கே இருப்பது குறில் மு. உயிரையும் மெய்யையும் தனித்தனியே பிரித்து ஆடுவோரும் உண்டு. அப்படிச் செய்தால் விடை நிறைய வரும், ஆனால் புதிரை விடுவிப்பவரால் கண்ணால் சரிபார்க்க முடியாது. உயிர்மெய்யை உடைக்காமல் ஆடுவதே சுகம்.

இனி அட்டைகளை அடுக்குவது. புள்ளி எழுத்து எதுவும் சொல்லின் முதலில் வராது. க், ச், ட், த், ப், ற் கடைசியிலும் நிற்காது. ங் வந்தால் பின்னால் க வரிசை, ந் வந்தால் த வரிசை வேண்டும். ஆகவே இவற்றை முதலில் ஜோடி சேர்த்துவிடுங்கள். 'மந்திரி குமாரி'யை (1950) எடுத்துக்கொள்வோம்: ம, ந், தி, ரி, கு, மா, ரி. ந் இருக்கிறது, த வரிசையில் தி மட்டுமே உண்டு. எனவே 'ந்தி' ஒரே கட்டு. அதன் முன்னால் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். 'மந்தி' வைத்தால் மாரி போக கு, ரி மிஞ்சுகிறது, பயனில்லை. 'குந்தி' வைத்தால் ம, மா, ரி, ரி. குந்தி, மாரி, மரி! பாரதத்திலிருந்து ஒருத்தி, ஊர்க்கோயிலிலிருந்து ஒருத்தி, மாதா கோயிலிலிருந்து ஒருத்தி.

புள்ளி எழுத்து கூடினால் என்ன ஆகும் என்பதற்கு 'சர்வர் சுந்தரம்' (1964) நல்ல பாடம். ஒன்பதில் நான்கு புள்ளி. 'சுந்தரர் வசம்' என்று அழகாக வந்து நிற்கும், கை தட்டத் தோன்றும். எண்ணிப் பாருங்கள், எட்டுதான். ஒரு ர் வெளியே கிடக்கிறது. இந்த அடுக்கில் அதைச் செருக இடமே இல்லை. கடைசியில் ஒரு முறை அட்டைகளைப் பழைய பெயராகத் திருப்பி அடுக்கிப் பார்த்தால் இந்த ஏமாற்றம் வராது.

சந்தியையும் கவனியுங்கள். 'காக்கா முட்டை' 'முக்கா காட்டை' ஆகும், பேச்சு வழக்கில். 'காட்டை' முன்னால் வந்து அடுத்த சொல் க, ச, த, ப-வில் தொடங்கினால் ஒற்று மிகும். அந்த ஒற்று உங்கள் கையில் இருக்காது. ஐ உருபு ஏற்ற சொல்லைக் கடைசியில் வையுங்கள். 'ராச' என்பதை 'இராச' என்று எழுதுவோர் 'ராச பக்தி'யை ஏற்க மாட்டார்கள். பத்திரிகை நடைக்கு அது போதும் என்பது என் கருத்து.

'அன்பே வா'வை 'வா அன்பே' என்று திருப்புவது கணக்கில் சேராது. சொல்லே உடைய வேண்டும். 'அன்பே சிவம்' (2003) உடைந்தால் 'பேசின் அவம்'. அன்பைச் சொல்லும் தலைப்புக்குள்ளிருந்து 'பேசினால் வீண்' என்று எதிர்க்குரல் எழுகிறதே, இந்த வகைதான் முதல் தரம்.

கணினியில் செய்ய நினைப்பவர்களுக்கு: ஆங்கிலத்துக்கான கருவிகளில் தமிழை ஒட்டாதீர்கள். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 'அன்பே சிவம்' ஆறு எழுத்தல்ல, இடைவெளி நீங்கலாகப் பத்துக் குறி. கொம்பும் புள்ளியும் தனித்தனியே பறந்து, படிக்க முடியாத குப்பை வரும். பைத்தான் நிரல்மொழியில் 'ஓப்பன் தமிழ்' நிரலகம் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். அதன் பிறகே கலையுங்கள். ஆனால் நல்ல விடையைப் பொறுக்குவது கண்ணின் வேலை.

புதிராக்கி நண்பர்களிடம் கொடுக்கும்போது கலைப்பதைக் குறிக்கும் சொல் ஒன்றும், படத்தைச் சுட்டும் குறிப்பும், அடைப்பில் எழுத்து எண்ணிக்கையும் தாருங்கள்: 'சபா மலர் சிதற, அண்ணன் தங்கை கதை (5)'. இரண்டு சொல் தலைப்பென்றால் (3,3) என்று பிரித்துக் காட்டுங்கள். வெறுமனே (6) என்று போட்டால் ஒற்றைச் சொல்லைத் தேடிக்கொண்டே இருப்பார்கள்.