தெர்மோஸ்டாட் 32 காட்டும், பாம்பின் வயிறு வேகும்: கூண்டுச் சூட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மார்கழியில் திருவையாற்றுப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர், தாம் வளர்க்கும் பால் பைத்தான் (ball python) என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பைத் தலையணை உறையில் கட்டி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, ஒரு மாசமா எலி திங்க மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க" என்றார். பாம்பை வாங்கித் திருப்பிப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. வெண்மையாக இருக்க வேண்டிய வயிற்றுச் செதில்கள் ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பேறி, கல்லில் சற்றுக் கூடுதலாக நின்றுவிட்ட தோசையின் அடியைப் போல இருந்தன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் பாம்புக்கு நான் செய்த அதே கொடுமையை, அதே காரணத்தால் அவரும் செய்திருந்தார். இதை எழுத வைத்தது அந்தச் செதில்கள்தான்.

வெப்பமானியே வாங்காமல் இருப்பது, கண்ணாடித் தொட்டியைச் சன்னல் வெயிலில் வைப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றைச் செய்பவர்கள் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வயலில் பிடித்த சாரையையோ மலைப்பாம்பையோ வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தானை வளர்ப்பவர்களும் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

வெளிநாட்டுக் காணொளியை அப்படியே பின்பற்றுவது

பால் பைத்தானுக்குக் கூண்டின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸும் மறுபக்கம் 25 முதல் 27 வரையும் இருக்க வேண்டும் என்பது சரியான கணக்குத்தான். ஆனால் அந்தக் காணொளியை எடுத்தவருடைய அறை 20 டிகிரியில் இருக்கிறது. மாடிக்குக் கீழே உள்ள நம் அறையோ பங்குனி தொடங்கி ஆவணி வரை பகலில் 30க்குக் கீழே இறங்குவதே அரிது. டெல்டாவில் ஹீட் மேட்டுக்கு (தொட்டிக்கு அடியில் ஒட்டும் மின்சூட்டு விரிப்பு) உண்மையான வேலை ஐப்பசி அடைமழையிலிருந்து தை முடியும் வரையிலான இரவுகளில்தான். கும்பகோணத்து வீடு ஒன்றில் மேட், செராமிக் ஹீட்டர், பல்பு மூன்றையும் வைகாசி மாதத்தில் சேர்த்து எரியவிட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சுருண்டு கிடந்த அந்தப் பாம்பைக் காட்டி, அதற்குக் குளிப்பது பிடிக்கும் என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார்.

தெர்மோஸ்டாட்டின் சென்சாரை அந்தரத்தில் தொங்கவிடுவது

இந்தத் தவறை எத்தனை பேருக்கு எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் அடுத்த ஆளிடம் அதுவே இருக்கிறது. காரணமும் எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் பலர் பயன்படுத்துவது, முட்டை பொரிக்கும் இன்குபேட்டருக்காக விற்கப்படும் மலிவான தெர்மோஸ்டாட், அதாவது சென்சார் அளக்கும் வெப்பத்தைப் பார்த்து ஹீட்டரை எரியவிட்டு அணைக்கும் கருவி. இன்குபேட்டரில் சென்சாரை முட்டைகளுக்கு மேலே காற்றில் தொங்கவிடுவதுதான் முறை, ஏனென்றால் அதற்குள் ஒரு சிறிய மின்விசிறி காற்றைச் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்த இடத்தில் அளந்தாலும் ஏறக்குறைய ஒரே வெப்பம்தான் கிடைக்கும். பாம்புக் கூண்டில் விசிறி இல்லை, சூடோ தரைக்கு அடியிலிருந்து வருகிறது. காற்றில் தொங்கும் சென்சார் 32ஐத் தொடும் வரை மேட் அணையாது என்றால், அந்தக் காற்றைச் சூடாக்குவதற்காக மேட்டுக்கு நேர் மேலே உள்ள தரை எவ்வளவு கொதிக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த இளைஞர், "தெர்மோஸ்டாட் 32ன்னுதான் காட்டுச்சுண்ணே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, தெர்மோஸ்டாட்டும் பொய் சொல்லவில்லை. அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய், பாம்பு ஒளிந்துகொள்ளும் மறைவிடத்தைத் தூக்கி, தரையில் பரப்பியிருந்த தென்னை நார்த்தூளை விலக்கி, அகச்சிவப்பு வெப்பமானியைக் கண்ணாடிக்கு நேரே பிடித்தேன். 44 காட்டியது.

என் கதை இதைவிடக் கேவலமானது. நான் சென்சாரைத் தரையில்தான் வைத்திருந்தேன்; ஆனால் எதிலும் ஒட்டி வைக்கவில்லை. ஓர் இரவு பாம்பு அதைத் தள்ளிக்கொண்டு போய்த் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டது. காலையில் திரையில் 24 என்று கண்டதும், மார்கழிக் குளிர் மேட்டை மீறிவிட்டது என்று நானாகவே முடிவுகட்டி, தொட்டியின் மேல் ஒரு ஜமுக்காளத்தையும் போர்த்தினேன். தண்ணீருக்குள் கிடந்த சென்சார் சூடு போதவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்க, மேட் இரண்டு நாள் ஓயாமல் எரிந்தது. காயம் ஆறுவதற்குள் பாம்பு மூன்று முறை சட்டை உரித்தது. கால்நடை மருத்துவர் கொடுத்த களிம்பைத் தினமும் தடவிக்கொண்டு ஐந்து மாதம் கழிந்தது.

சுட்டால் பாம்பு நகர்ந்துவிடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். மறைவிடத்துக்குள் பத்திரமாக இருப்பதாகக் கருதும் பாம்பு, அதை விட்டு வெளியே வருவதைவிட வெந்தபடி கிடப்பதையே பல நேரங்களில் தேர்ந்தெடுக்கிறது. சூடு கூடுவதும் மெல்ல மெல்லத்தான்.

சரியான முறை எளியது. மேட்டைத் தொட்டிக்கு வெளியே, அடிக்கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்கு பரப்புக்கு மிகாமல் ஒட்டுங்கள். சென்சாரை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்து, அலுமினியத் தாள் டேப்பால் அசையாதபடி ஒட்டுங்கள். அங்கே பாம்பும் வராது, தண்ணீரும் வராது. தொட்டி தரையோடு படிந்து கிடக்காமல், காற்றுப் போக நான்கு மூலையிலும் சிறிய கட்டைகள் இருக்கட்டும். நார்த்தூள் அந்த இடத்தில் ஒரு விரற்கடைக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் தடித்த படுகை சூட்டை அடியிலேயே தேக்கி வைக்கும், பாம்போ அதைத் தோண்டிக் கண்ணாடி வரை போய்விடும். இனி, திரையில் தெரியும் எண்ணை மறந்துவிட்டு, உள்ளே கண்ணாடியின் மேற்பரப்பை அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து, அங்கே 32 வரும் வரை தெர்மோஸ்டாட்டை ஏற்றி இறக்குங்கள். வெளியே இருக்கும் சென்சாருக்கு 34 என்று வைக்க நேரலாம், அது இயல்புதான். பாம்பை ஒருநாள் கழித்துத்தான் உள்ளே விட வேண்டும்.

"16 வாட்தானே" என்று தெர்மோஸ்டாட் இல்லாமல் விடுவது

மேட் தரும் சூடு, மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வயல் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் 190 வோல்ட்டுக்கு இறங்கி நள்ளிரவில் 250க்கு ஏறும் வீட்டில், மாலையில் நீங்கள் கை வைத்துப் பார்த்த மேட், நீங்கள் தூங்கும்போது 1.7 மடங்கு சூடு தந்துகொண்டிருக்கும்.

கூண்டுக்குள் செல்லோ டேப்

கூடவே கூடாது. ஒட்டிக்கொண்டால் செதிலோடு பிய்ந்து வரும். மாட்டிக்கொண்ட பாம்பை இழுக்காமல் தேங்காய் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டு எடுங்கள்.

ஒரே ஒரு மறைவிடம்

சூட்டுப் பக்கத்தில் மட்டும் மறைவிடம் வைத்தால், பாம்பு சூட்டுக்காக அங்கே இருக்கிறதா, ஒளிவதற்காக இருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாது. ஒரே அளவில் இரண்டு வையுங்கள். பாதியாக உடைத்துக் கவிழ்த்த மண்சட்டியே போதும், விளிம்பை மட்டும் தேய்த்துவிடுங்கள்.

வெப்பக் கல்

மின்சாரத்தால் சூடேறும் இந்தச் செயற்கைக் கல்லை வாங்காதீர்கள்.

மின்சாரம் இல்லாத நாளில் இரை கொடுப்பது

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் இரண்டு வாரத்துக்கு மேல் மின்சாரம் வரவில்லை. பாம்பைத் துணிப்பையில் இட்டுத் தெர்மகோல் பெட்டிக்குள் வைத்து, துண்டு சுற்றிய வெந்நீர்ப் புட்டிகளை மாற்றி மாற்றி வைத்ததில் குளிரைச் சமாளித்துவிட்டோம். ஆனால் நாளைக்கே வந்துவிடும் என்ற நம்பிக்கையில் மூன்றாம் நாள் ஓர் எலியைக் கொடுத்தேன். உடல் வெப்பம் குறைந்த பாம்பால் செரிக்க முடியாது. நான்கு நாள் கழித்து அரைகுறையாக அழுகிய எலியைக் கக்கியது. அந்த நாற்றத்தை விவரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். வளர்ந்த பால் பைத்தான் இரையில்லாமல் பல வாரங்கள் தாங்கும், ஆகவே சூடு நிலைப்படும் வரை எதுவும் கொடுக்காதீர்கள். சிறிய மேட் ஒன்றை இன்வெர்ட்டர் எளிதாகத் தாங்கும் என்பதை அதற்குப் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கோடையில் மேட்டைச் செருகியே வைத்திருப்பது

அறை 34ஐத் தாண்டினால் தெர்மோஸ்டாட் மேட்டை எரியவிடாது என்பது காகிதத்தில் சரி. மலிவான தெர்மோஸ்டாட்டில் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயின் முனைகள் நாளடைவில் தீய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது திரையில் விளக்கு அணைந்திருந்தாலும் மேட் எரிந்துகொண்டேதான் இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் அப்படி நடந்தால் ஒரு பகலே போதும். அந்நாட்களில் தேவைப்படுவது சூடு அல்ல. கூண்டை வீட்டின் நடுவில், சிமெண்டுத் தரையோடு இருக்கும் அறைக்கு மாற்றி, மூடி வலையின் பாதியில் ஈரச் சாக்கை விரித்து வைக்கிறேன். சித்திரை பிறந்ததும் பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கி, மேட்டின் கம்பியைச் சுருட்டிக் கட்டிவிடுவேன். ஐப்பசியில் மழை பிடித்த பிறகுதான் அது மறுபடி செருகப்படும், அதுவும் அகச்சிவப்பு வெப்பமானியால் ஒருமுறை அளந்து பார்த்த பிறகுதான்.